அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு தெருவிளக்கு

போன மாசம் அம்மாவை டெக்ஸா ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அம்மாவுக்கு 61 வயசு. எங்கேயும் விழல, அடிபடல. முதுகு வலின்னு போன இடத்துல டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் அது. ரிப்போர்ட்டில் இடுப்பு எலும்பின் கறுப்பு வெள்ளைப் படம், அதன் மேல் சில கட்டங்கள், கீழே ஒரு அட்டவணை. டி-ஸ்கோர் மைனஸ் 2.2. மைனஸ் 2.5-ஐத் தொட்டுவிட்டால் அதற்குப் பெயர் எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ். அம்மா அதன் வாசப்படி வரைக்கும் வந்துட்டாங்க.

சாயங்காலத்துக்குள்ள விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிடுச்சு. பெரியம்மா உடனே போன் பண்ணினாங்க. "இனிமே மாடிப்படி ஏறாதே. குடம், பக்கெட்டு எதையும் தூக்காதே. உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வந்துடும், பேசாம இரு." டாக்டர் சொன்னது இதுக்கு நேர்மாறு: நடங்க, படி ஏறுங்க, ஒரு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் எடை தூக்கப் பழகுங்க. அம்மா யார் சொன்னதைக் கேட்டாங்கன்னு நான் சொல்லணுமா? இரண்டு வாரமாக மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போடுற வேலை எனக்கு.

அந்த ரிப்போர்ட்டின் அட்டவணையில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கழுத்து, மொத்தம் என்றெல்லாம் இருந்த வரிகளுக்கு நடுவில் 'வார்ட்ஸ்' என்று ஒரு ஆளின் பெயர். அங்கே இருந்த டெக்னீஷியனிடம் கேட்டேன். "அதை விடுங்க சார், அதை வெச்சு டாக்டர் எதுவும் முடிவு பண்ண மாட்டாங்க. மெஷின் பிரிண்ட் பண்ணும், அவ்வளவுதான்" என்றார். முடிவு பண்ண உதவாத ஒருத்தரின் பெயரை ஒரு மெஷின் எதற்காக இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறது? அங்கே ஆரம்பிச்சதுதான் இந்த எபிசோட். எலும்பை ஓய்வு காப்பாற்றுமா, சுமை காப்பாற்றுமா என்பது எங்கள் குடும்பச் சண்டை. அதற்குக் கிட்டத்தட்ட 200 வருஷ வரலாறு இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஃபிரெடெரிக் ஓல்ட்ஃபீல்ட் வார்ட் என்பவர் லண்டனில் 1838-ல் மனித எலும்புகளைப் பற்றி ஒரு பாடப் புத்தகம் எழுதினார். தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? வெளியே கெட்டியான ஓடு. உள்ளே பஞ்சு மாதிரி, ஆயிரக்கணக்கான மெல்லிய எலும்பு இழைகள். வார்ட் உற்றுப் பார்த்தபோது அந்த இழைகள் கன்னாபின்னான்னு இல்லை, ஒரு ஒழுங்கில் ஓடின. இதை அவர் எதோடு ஒப்பிட்டார் தெரியுமா? சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, கீழே சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்து நிறுத்திய தெருவிளக்குத் தாங்கியோடு. இழைகளின் பாதைகளுக்கு நடுவே, எலும்பின் கழுத்துப் பகுதியில், இழைகள் ரொம்பக் குறைவாக இருக்கும் ஒரு முக்கோணத்தையும் அவர் குறித்து வைத்தார். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த முக்கோணம்தான்.

வார்டுக்கு முன்னாலேயும் எலும்பைக் கட்டுமானமாகப் பார்த்தவர்கள் உண்டு. கலிலியோ 1638-ல், வீட்டுக்காவலில் இருந்தபடியே வெளியிட்ட கடைசிப் பெரிய புத்தகத்தில் இரண்டு எலும்புகளை வரைந்திருக்கிறார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு நீளம், ஆனால் பார்க்கவே விகாரமான தடிமன். கணக்கு ஈஸி. ஒரு உடம்பை எல்லாப் பக்கமும் மூன்று மடங்கு பெரிதாக்கினால் எடை 27 மடங்கு ஆகும். எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 9 மடங்குதான் ஆகும். அப்போ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் மூன்று மடங்கு சுமக்கணும். நம் கதைகளில் வரும் ராட்சசனுக்கு நம்முடைய அதே உருவ அமைப்பு இருந்தால், அவனால் நிம்மதியாக நடக்க முடியாது.

சரி, ஒரு சதுர சென்டிமீட்டர் எலும்பு எவ்வளவு தாங்கும்? இதைச் சொல்லிட்டுத் தொடரலாம், பின்னாடி தேவைப்படும். எலும்பின் கெட்டியான வெளி ஓட்டை அமுக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 1,700 கிலோ அளவுக்குத் தாங்கும். வீடு கட்டும்போது இன்ஜினியர் 'எம்20' கான்கிரீட் என்று சொல்வாரே, அது தாங்குவது சுமார் 200 கிலோ. ஆனால் எலும்புக்கு எல்லாத் திசையும் ஒன்றல்ல. இழுத்தால் 1,300 கிலோவுக்குப் பக்கத்திலேயே பிய்ந்துவிடும். முறுக்கினால் அதிலும் பாதிதான். பாதம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு உடம்பு திரும்பிவிட்டால் கால் எலும்பு சுருள் சுருளாக உடைவது அதனால்தான்.

இந்த பலம் ஒரு கூட்டணியில் வருகிறது: கால்சியம் பாஸ்பேட் கலந்த தாது ஒரு பக்கம், கொலாஜன் என்ற புரத நார் இன்னொரு பக்கம். வீட்டிலேயே பார்க்கலாம். கோழிக் கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போடுங்க. தாது கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மாறாக அடுப்பில் சுட்டு நாரை எரித்துவிட்டால் சாக்பீஸ் மாதிரி நொறுங்கும். கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த மாதிரி. என்ன, நம்ம ஊர் தூண் எதுவும் தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொள்வதில்லை. எலும்பு கட்டிக்கொள்கிறது. அதை மனுஷங்க கண்டுபிடித்த கதைதான் இன்றைய கதை.

இடம்: சூரிச். வருஷம்: 1866. ஹெர்மான் ஃபான் மேயர் அங்கே உடற்கூறியல் பேராசிரியர். மனித உடம்பு எப்படி நிற்கிறது, எப்படி நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆர்வம். செருப்புக் கடைக்காரர்கள் பாதத்தைப் பற்றிக் கவலையே படாமல் செருப்பு தைக்கிறார்கள் என்று கடுப்பாகி, காலணி எப்படி இருக்கணும்னு தனியாக ஒரு சின்னப் புத்தகமே எழுதியவர். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. அவர் சூரிச் இயற்கை ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் அறுத்த எலும்புத் துண்டுகளைக் காட்டி, இந்த இழைகளுக்கு ஒரு கட்டடக்கலை இருக்கிறது என்று பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கார்ல் குல்மன். அவர் டாக்டர் இல்லை, சூரிச் பாலிடெக்னிக்கில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். பாலங்களைப் படிக்கவென்றே இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் போனவர். ஒரு கட்டுமானத்துக்குள் விசை எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதைச் சமன்பாடு இல்லாமல், கோடுகளாக வரைந்தே கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிய அவருடைய புத்தகம் சரியாக அந்த 1866-ல்தான் வெளிவந்தது.

அந்தக் கோடுகள் என்னன்னு ஒரு நிமிஷம் பார்ப்போம். துறைமுகத்தில் நிற்கும் பழைய இரும்பு கிரேன் ஒன்றை நினைச்சுக்கோங்க. கொக்கின் கழுத்து மாதிரி வளைந்திருக்கும். ஃபேர்பேர்ன் கிரேன் என்பார்கள். பிரிஸ்டல் துறைமுகத்தில் 1878-ல் நிறுவிய ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் மூக்கில் சுமையைத் தொங்கவிட்டால், வளைவின் உள்பக்கம் அமுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். உள்ளே அமுக்கம் ஓடும் பாதையையும் இழுவிசை ஓடும் பாதையையும் வரைந்தால், இரண்டு கோட்டுக் கூட்டங்கள் வளைந்து வளைந்து ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு போகும். குல்மன் தன் மாணவர்களை வரையச் சொல்லிப் பழகிய படம் அது. மேயர் கையில் இருந்த தொடை எலும்பிலும் கிட்டத்தட்ட அதே படம்!

இந்த இடத்தை எல்லாரும் சினிமா காட்சி மாதிரிதான் சொல்வார்கள். டார்சி தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்து உயிரியலாளர் 1917-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், குல்மன் பிண அறுவைக் கூடத்துக்குள் நுழைந்து எலும்பைப் பார்த்ததும், இது என் கிரேனாச்சே என்று கூவினதாக வருகிறது. மேயர் 1867-ல் தானே எழுதிய கட்டுரையில் இவ்வளவு டிராமா கிடையாது. கூட்டத்தில் குல்மன் கவனித்துச் சொன்னார் என்கிற அளவில் முடிகிறது. எனக்கு மேயர் சொல்வதுதான் சரியாகப் படுது. ஐம்பது வருஷத்தில் கதைக்குச் சதை போட்டுவிடும்.

சதை போட்ட இன்னொரு கதையையும் இங்கேயே முடிச்சிடுவோம். 'ஈஃபில் டவரைத் தொடை எலும்பைப் பார்த்துக் கட்டினாங்க' என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றும், பார்த்திருப்பீங்க. அந்த டவரின் முதல் வரைபடத்தை 1884-ல் போட்டவர் மோரிஸ் கெஷ்லின். அவர் சூரிச்சில் குல்மனின் மாணவர். அந்த உறவு உண்மை. ஆனால் டவரின் வளைவு வந்தது காற்றின் தள்ளுவிசைக் கணக்கிலிருந்து. எலும்புக்கும் டவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு வாத்தியார்தான்.

இப்போ யோசிங்க. எலும்புக்குள் விசைப் பாதை மாதிரியே இழைகள் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. ஆனால் எப்படி வந்தது அது? பிறக்கும்போதே அப்படியா, அல்லது சுமக்கச் சுமக்க வந்ததா? பெரியம்மாவா டாக்டரா என்ற கேள்வி இங்கேதான் தொங்குது.

யூலியுஸ் வோல்ஃப் என்ற பெர்லின் எலும்பு அறுவை மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார், சாகிற வரைக்கும் விடவில்லை. 1870-ல் எழுதிய கட்டுரையில் குல்மனின் கிரேன் படத்தையும் தொடை எலும்பையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பிறகு அவர் செய்ததுதான் முக்கியம்: கோணலாகச் சேர்ந்து ஆறிப்போன எலும்புகளையும், ரிக்கெட்ஸ் நோயில் வளைந்த எலும்புகளையும் சேகரித்து அறுத்துப் பார்த்தார். கோணலாகச் சேர்ந்த எலும்பில் சுமை வேறு வழியாகப் போகும் இல்லையா? உள்ளே இழைகளும் அந்தப் புது வழிக்குத் திரும்பியிருந்தன. பழைய பாதையில் இருந்தவை காணாமல் போயிருந்தன. பிறப்பிலேயே வந்த வடிவமாக இருந்தால் இது நடக்காது. 1892-ல் இதையெல்லாம் ஒரு பெரிய புத்தகமாக்கினார். இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் 'வோல்ஃப் விதி' என்று சொல்லித்தருகிறார்கள்.

ஆனால் அந்தப் பெயர் முழுக்க நியாயமானதுன்னு எனக்குத் தோணலை. வோல்ஃபுக்குக் கணிதத்தின் மேல் ஒரு மயக்கம். இழைகள் எங்கேயும் துல்லியமாகச் செங்கோணத்தில்தான் வெட்டும் என்று அடம்பிடித்தார். நிஜ எலும்பில் பல இடங்களில் அப்படி இல்லை. கிரேன் ஒரே திடமான இரும்பு. அதன் மேல் ஒரே சுமை. தொடை எலும்பையோ சுற்றிலும் தசைகள் இழுக்கின்றன, நாம் அடி எடுத்துவைக்கும்போதெல்லாம் சுமை மாறுகிறது. சுமையை எலும்பு எப்படித் 'தெரிந்துகொள்கிறது' என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதிலும் இல்லை.

அந்தப் பதிலின் விதையைப் போட்டவர் வில்ஹெல்ம் ரூ என்ற இன்னொரு ஜெர்மானியர், 1881-லேயே. உடம்பின் ஒவ்வொரு பாகமும் தனக்குக் கிடைக்கும் தூண்டுதலைப் பொறுத்து, அந்தந்த இடத்திலேயே தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்றார். மேலிருந்து உத்தரவு போட ஒரு தலைமை இன்ஜினியர் தேவையில்லை. இன்று நமக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய அதுதான். எலும்புக்குள்ளேயே புதைந்து வாழும் ஆஸ்டியோசைட் செல்கள் நுண்ணிய கால்வாய்களால் இணைந்திருக்கின்றன. எலும்பு துளி வளைந்தால் அந்தக் கால்வாயில் திரவம் நகரும், செல்லுக்குச் சேதி போகும். சேதி வராத இடத்தை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்துத் தின்னும். வரும் இடத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாகப் பூசும். விதிக்கு வோல்ஃபின் பெயர், உள்ளே இருக்கும் யோசனை ரூவுடையது. குல்மனுக்கும் மேயருக்கும் அடிக்குறிப்புதான் மிச்சம்.

சரி, சுமைன்னா எவ்வளவு? எப்படிப்பட்ட சுமை? இதற்கு ஒரு சேவல் பதில் சொன்னது. 1984-ல் கிளின்டன் ரூபினும் லான்ஸ் லேன்யனும் சேவலின் சிறகு எலும்பு ஒன்றை இயல்பான சுமை எதுவும் படாதபடி தனிமைப்படுத்தி, வெளியிலிருந்து உலோக ஊசிகள் வழியாகத் தாங்களே அழுத்தினார்கள். அழுத்தாமல் விட்ட எலும்பு தேய்ந்தது. ஒரு நாளைக்கு வெறும் 4 தடவை அழுத்தினால் தேயவில்லை. 36 தடவை என்றால் எலும்பு வளர்ந்தது. 1,800 தடவை? 36-க்கு வளர்ந்த அளவேதான்! அதே ஆண்டு, வான்கோழிச் சிறகில் செய்த இன்னொரு ஆய்வில், விட்டு விட்டு அழுத்தாமல் நிலையாக ஒரே அழுத்தமாக வைத்தார்கள். எலும்பு அதைச் சுமையாகவே கணக்கில் எடுக்கவில்லை, சும்மா இருந்த எலும்பு மாதிரியே தேய்ந்தது.

இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலும்புக்குத் தேவை கொஞ்ச நேரம்தான், ஆனால் அது அசைவாக இருக்கணும். நாள் முழுக்க நிற்பது வேற, பத்து தடவை படி ஏறி இறங்குவது வேற. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1977-ல் தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்தபோது, பந்தடிக்கும் கையின் மேற்கை எலும்பு ஓடு, ஆண்களுக்கு மற்றக் கையைவிடச் சுமார் 35 சதவீதம் தடிமனாக இருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே மரபணு.

சுமையே இல்லாவிட்டால் என்னாகும் என்று பார்க்க விண்வெளிக்குத்தான் போகணும். அங்கே இடுப்பு எலும்பு மாசத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கும். தரையில் வயதானவர்களுக்கு அவ்வளவு குறைய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். சுனிதா வில்லியம்ஸ் 2007-ல் விண்வெளி நிலையத்தின் டிரெட்மில்லில் பாஸ்டன் மாரத்தான் ஓடினது செய்தியாக வந்தது. ஆனா அங்கே உடற்பயிற்சி ஒரு நாள் கூத்து கிடையாது. எலும்பையும் தசையையும் காப்பாத்திக்க அவங்க தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குறாங்க.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 1855-ல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அடிபடாமலேயே பாதம் வீங்கி வலிக்கும் சிப்பாய்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-ல்தான் காரணம் தெரிந்தது: நீண்ட அணிவகுப்பில் பாத எலும்பில் விழுந்த நுண்ணிய முறிவுகள். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழசை இடிக்கும், அது சில வாரம். திரும்பப் பூசி முடிக்க மாசக்கணக்காகும். நடுவில் அது பலவீனமான வீடு. ஜனவரி 1-ம் தேதி ஷூ வாங்கிட்டு பிப்ரவரியில் பத்து கிலோமீட்டர் ஓடுற நண்பர்களே, உங்களுக்குத்தான்.

இப்போ அம்மாகிட்ட திரும்பி வரேன். அம்மா வயசில் எடை தூக்கலாமா? ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு, 2018-ல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, அரை அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்க, நிஜமாகவே கனமான எடைகள். எட்டு மாதத்தில் அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. நம்பர் சின்னது. ஆனால் திசையைப் பாருங்க. 'பக்கத்திலேயே நிற்க' என்பதையும் பாருங்க. இதைக் கேட்டுட்டு யாரும் அம்மாகிட்ட நேரா சிமெண்ட் மூட்டையைக் கொடுத்துடாதீங்க.

ஆனா பெரியம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கு. பெர்லினில் கேயோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள் அளவுக்கருவி வைத்து, அதைப் பொருத்திக்கொண்ட நோயாளிகளை நடக்கவிட்டு அளந்தார்கள். சாதாரணமாக நடக்கும்போதே மூட்டின் மேல் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு அழுத்தம். 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ. கால் தடுக்கினால்? கீழே விழக்கூட வேண்டாம், தடுக்கிச் சமாளிச்சாலே எட்டு மடங்கு வரைக்கும் போனது. கிட்டத்தட்ட அரை டன். பெரியம்மா பயப்பட வேண்டியது படியைப் பார்த்து இல்லை, படியில் கிடக்கிற ஈர மிதியடியைப் பார்த்து. அந்தக் குழு இருந்த மருத்துவமனையின் ஆய்வு நிலையத்துக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? யூலியுஸ் வோல்ஃப் இன்ஸ்டிடியூட்.

இதெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். கிரேன் கதை வரைக்கும் கேட்டாங்க, நடுவுல குக்கர் விசில் வந்துடுச்சு. மறுநாள் நான் செஞ்சது மூன்றே வேலை. மாடிப்படியில் எரியாமல் கிடந்த பல்பை மாத்தினேன். கைப்பிடி ஆடிக்கிட்டு இருந்தது, ஆள் வெச்சு இறுக்கினேன். மிதியடியைத் தூக்கிப் போட்டேன்.

இன்னிக்குக் காலையில் நான் எழுந்திருக்கிறதுக்குள்ள துணியெல்லாம் கொடியில் காஞ்சிட்டு இருந்தது. "யாரு மேல ஏறினது?"ன்னு கேட்டேன். "சத்தம் போடாதேடா, உங்க பெரியம்மா லைன்ல இருக்கா"ன்னாங்க. பெரியம்மா பாட்காஸ்ட் எல்லாம் கேட்க மாட்டாங்க என்ற நம்பிக்கையில் இதை அப்லோட் பண்றேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.